விடு என்றால் என்ன அர்த்தம்

எங்கள் கல்லூரி அணியின் கோல்கீப்பர் என் மச்சினன், நான் பயிற்சியாளன். ஊர் வாய்க்கு இது போதாதா? "வீட்டுக்காரம்மாவுக்குப் பயந்துதான் மனுஷன் தூக்காம வெச்சிருக்காரு" என்று ஆசிரியர் அறையில் என் காதுபடவே பேசினார்கள்.

கடைசி லீக் ஆட்டத்தைச் சமன் செய்தாலே முதல் டிவிஷனில் தங்கலாம். தோற்றால் கீழே இறங்க வேண்டியதுதான். நாலாம் வருட மச்சினனுக்கு முழங்கால் முன்போல ஒத்துழைக்கவில்லை. முதல் வருடத்தில் ஒரு நெட்டையன் சேர்ந்திருந்தான். கம்பம் என்று கூப்பிடுவார்கள். பந்தைக் கண்டால் பாய்ந்துவிடுவான். மச்சினனுக்கு அதுதான் கடைசி ஆட்டம் என்று தெரிந்தும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு கம்பத்தை இறக்கினேன். மச்சினன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் பாதியின் கடைசியில் சப்பையாக ஒரு பந்து எங்கள் கோலை நோக்கி உருண்டு வந்தது. கம்பம் "விடு, விடு" என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடி வந்தான். எங்கள் பின்வரிசையில் சித்தப்பா என்று ஒருவன் உண்டு. தாடியும் அரியர்களுமாகக் கல்லூரியில் வேர் விட்டவன். அவன் காலை வீசி ஓங்கி உதைத்தான். பந்து காலில் தப்பாகப் பட்டு, கம்பத்தின் தலைக்கு மேலே பறந்து எங்கள் வலையிலேயே விழுந்தது.

இடைவேளையில் உடை மாற்றும் அறையே ரணகளம்.

"விடுன்னு சொன்னேன்ல, ஏண்ணே அடிச்சீங்க?"

"நீ விடுன்னு சொன்னதாலதான்டா அடிச்சேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சைப் பிள்ளையை நம்பிய என் புத்தியைச் சொல்ல வேண்டும். மச்சினனிடம், "க்ளவுஸை மாட்டு" என்றேன்.

ஒரு கையில் மாட்டியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா, இவன் மேல தப்பில்ல. நாலு வருஷமா நான் விடுன்னு கத்துனா, அடிச்சு விடுன்னு அர்த்தம். சித்தப்பாவுக்குக் காது அப்படியே பழகிடுச்சு. இவன், 'பந்தை எனக்கு விட்டுடு'ங்கற அர்த்தத்துல சொல்லியிருக்கான்."

"அப்ப நான் என்னண்ணே சொல்றது?"

"என்னுதுன்னு கத்து. தொண்ட கிழியக் கத்து. அவன் ஒதுங்கிக்குவான்."

மாட்டிய க்ளவுஸைக் கழற்றிவிட்டு மறுபடி பெஞ்சுக்கே போனான். நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாம் பாதியில் கார்னரில் வந்த பந்தைச் சித்தப்பாவே தலையால் முட்டிச் சமன் செய்தான். கடைசி நிமிடத்தில் எதிரணி அடித்த பந்து மூலையைப் பார்த்துப் போனது. கம்பம் முழு நீளத்துக்கும் பாய்ந்து விரல் நுனியால் வெளியே தள்ளினான். விசில் ஊதியதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெஞ்சில் மச்சினன் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"உன்னை இறக்கலன்னு கோவமாடா?"

"அந்தக் கடைசிப் பந்து எனக்கு எட்டியிருக்காது மாமா."

"உனக்கே தெரியுமா?"

"ரெண்டு மாசமா தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."