கேட்டால் குறையும் புள்ளி

றொபேட் அண்ணை ரொறொன்ரோவில் ஆறு வருசம் இருந்துவிட்டு டென்மார்க்குக்குத் திரும்பி வந்தபோது இரண்டு சாமான்களைக் கொண்டுவந்தார். ஒன்று, முழங்கால் வரை நீண்ட குளிர் ஜக்கெற். மற்றது, புத்தி. ஜக்கெற் நாங்கள் இருக்கும் யூட்லாந்துப் பக்கத்துக் காற்றுக்கு உதவியது. புத்தி ஒருவருக்கும் உதவவில்லை, ஆனால் அதைத்தான் ஊருக்கெல்லாம் பங்கிட்டார்.

அவர் என் கணவர் டிலுக்சனின் தமையன். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து சனம் கோப்பி குடிக்கும் மண்டபத்தில், கேக் மேசைக்குப் பக்கத்துக் கதிரை அவருடையது. கைத்தொலைபேசியில் ஒரு படம் வைத்திருக்கிறார். கனடாவை விட்டு வெளிக்கிட முதல் எடுத்தது. பச்சை வட்டம், அதற்குள் அவருடைய கடன் தகுதிப் புள்ளி. மற்றவர்கள் பிள்ளையின் முதல்நன்மைப் படத்தைக் காட்டுவதுபோல அவர் அதைக் காட்டுவார்.

"நீர் கடன் கேக்க, ஒருத்தன் உம்மட கணக்கைத் திறந்து பாத்தானெண்டால் புள்ளி இறங்கும். ரெண்டு பேர் பாத்தால் இன்னும் இறங்கும். ஆரையும் பாக்க விடக்கூடாது. விளங்கிச்சோ?"

கனடாவில் இதில் கொஞ்சம் உண்மை உண்டு. அடுத்தடுத்துப் பல இடங்களில் கடன் கேட்டால் அங்கே புள்ளி சற்று இறங்கும், சில மாதங்களில் திரும்பவும் ஏறும். ஆனால் நாங்கள் இருப்பது டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில். இங்கே கட்டவேண்டியதைக் கட்டாமல் விட்டால் கடனாளிகள் பதிவேட்டில் பெயர் ஏறும். வங்கி திறந்து பார்த்ததற்காக ஒன்றும் ஏறாது, இறங்காது. இவ்வளவுதான் விசயம். இது எங்கள் ஆட்களுக்கு விளங்கவில்லை. இன்னாசித்தம்பி அண்ணை புதுக் கம்பனி கணக்கைப் பார்த்துவிடும் என்று பயந்து, பழைய தொலைபேசிக் கம்பனிக்கே அநியாயக் காசு கட்டினார். கத்தரீனா அக்காவுக்குப் பல் வைத்தியர் தவணை முறையில் கட்டலாம் என்று சொல்லியும், அவ மாட்டேன் என்று ஒரு பக்கத்தால் சப்பிக்கொண்டு திரிந்தா. அவர்களைப் பார்த்து நான் நன்றாகச் சிரித்தேன். என் வீட்டுக்குள் அதே வியாதி படுத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வாடகை ஒப்பந்தம் ஆனி மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கமாட்டேன் என்று வீட்டுக்காரன் சொல்லிவிட்டான். பிராண்டேயில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்காவிட்டால் வேறு ஊர், மகளுக்கு வேறு பள்ளிக்கூடம். வாய் திறக்காத பிள்ளை அவள். இப்போதுதான் ஒரு கூட்டாளியைப் பிடித்து, அந்தப் பிள்ளையோடு சைக்கிளில் சுற்றுகிறாள். அந்த நேரம் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஒரு செங்கல் வீடு விலைக்கு வந்தது. மகள் மேல் அறையின் யன்னலில் நின்று பள்ளி மைதானத்தைப் பார்த்தாள். எனக்கு அந்த வீடு வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

எங்கள் வங்கியில் கியர்ஸ்டன் என்ற பெண் எங்களுக்குப் பொறுப்பு. எங்கள் வரிக் கணக்கையும் அந்தக் கடனாளிகள் பதிவேட்டையும் வங்கி பார்க்க நாங்கள் இருவரும் கைத்தொலைபேசியில் சம்மதம் என்று அழுத்தவேண்டும். பிறகுதான் கடன் தருவோம் என்ற உறுதிக் கடிதம் வரும். நான் அன்றைக்கே அழுத்தினேன். கடிதம் வரவில்லை. டிலுக்சனைக் கேட்டால், "வங்கி ஆறுதலாத்தான் செய்யும்" என்றார். வீட்டுத் தரகர், இன்னொரு சோடி இரண்டாம் தரம் பார்க்க வருகிறார்கள் என்றார். நான் கியர்ஸ்டனுக்குத் தொலைபேசி அடித்தேன்.

"சம்மதம் கேட்டு அனுப்பிய இரண்டு முறையும் உங்கள் கணவர் மறுத்திருக்கிறாரே" என்று அவள் மிகப் பணிவாகச் சொன்னாள். "அவருக்கு வீடு வாங்க விருப்பம் இல்லையா?"

பின்னேரம் வேலையால் வந்தவரை வாசலிலேயே மறித்தேன்.

"ஏன் இல்லையெண்டு அழுத்தினீங்கள்?"

அவர் சப்பாத்து நாடாவைப் பார்த்தபடி, "அண்ணை சொன்னவர்" என்றார். "இப்ப பாக்க விட்டால் புள்ளி இறங்கிடுமாம். பிறகு வட்டியைக் கூட்டிப் போடுவாங்களாம்."

"கடன் எடுக்கிறதுக்கு உதவாத புள்ளியை வச்சு என்ன செய்யப்போறீங்கள்? ஊறுகாய் போடவோ?"

அடுத்த நாள் அவரைப் பக்கத்தில் இருத்தி, கியர்ஸ்டனை ஒலிபெருக்கியில் போட்டேன். டென்மார்க்கில் அப்படி ஒரு புள்ளி குறைவதில்லை, நாலு வங்கியில் கேட்டாலும் உங்களுக்கு ஒரு பாதகமும் இல்லை என்று அவள் சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். டிலுக்சன் தலையாட்டி நன்றி சொன்னார். தொலைபேசியை வைத்ததும், "வங்கிக்காரி வங்கிக்குத்தானே கதைப்பாள்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுசன் காற்றாலைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருப்பவர். ஒரு ஆணி இறுகியிருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாமல் கருவி வைத்துத் தானே பார்ப்பவர். தமையன் சொன்னதை ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை. தமையனை எனக்கு எப்போதும் பிடிக்காது. கட்டின மனுசனை அப்படி இளக்காரமாகப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தரம்.

நான் அதே தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் அவருடையதைவிடக் கூட. பூசை மண்டபத்தில் நாங்கள் அதைச் சொல்வதில்லை. என் சம்பளத்துக்கு மட்டும் கடன் தருவீர்களா, வீட்டை என் பேரில் மட்டும் வாங்கலாமா என்று கியர்ஸ்டனைக் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தாராளமாக என்றாள். எனக்கு வீம்பு ஏறியிருந்ததால் வேறு இரண்டு வங்கிகளிலும் கேட்டேன். மூன்று வங்கியும் என் கணக்கைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தன. வானம் இடிந்து விழவில்லை. ஒரு வங்கி வட்டியைக் குறைத்துச் சொன்னது, அதைக் காட்ட கியர்ஸ்டனும் குறைத்தாள்.

"வீடு சரிவந்திட்டுது" என்று மட்டும் டிலுக்சனிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, "பாத்தீரே, என்னைப் பாக்காமலே தந்திட்டாங்கள்" என்றார். ஓம் என்றேன். அடுத்த பூசைக்கு அது மண்டபம் முழுக்கப் பரவியிருந்தது. றொபேட் அண்ணை சொன்னபடி புள்ளியைக் காப்பாற்றியதால்தான் டிலுக்சனுக்கு வீடு கிடைத்ததாம். கத்தரீனா அக்கா என் கையைப் பிடித்து, நல்ல மைத்துனர் வாய்த்திருக்கிறார் என்றா. நான் கேக்கைச் சாப்பிட்டேன்.

புது வீட்டுத் திறப்பு கையில் கிடைத்த அன்று றொபேட் அண்ணை ஜக்கெற்றோடு வந்து வாசலில் நின்றார். டிலுக்சன் அவருக்குப் பக்கத்தில் பெருமையோடு நின்றார்.

"கடைசியா இவனை எத்தினை தரம் பாத்தவங்கள்?" என்று அண்ணை கேட்டார்.

"ஒருக்காவும் பாக்கேல்லை" என்றேன்.

"பாத்தியே!" என்று தம்பியின் முதுகில் தட்டினார்.

"என்னைத்தான் மூண்டு வங்கி பாத்தது. வீடு என்ர பேரில."

தட்டிய கை முதுகிலேயே நின்றது. டிலுக்சன் என்னைப் பார்த்தார்.

"அப்ப என்ர பேர்?"

"உங்கட பேரைக் குடுத்தால் புள்ளி குறைஞ்சிடும் எண்டு விட்டிட்டன். நீங்களும் அண்ணையுமா அதைப் பத்திரமா வச்சிருங்கோ."

மேலே மகள் யன்னலைத் திறந்து யாரையோ டேனிஷில் கூப்பிடுவது கேட்டது. டிலுக்சனின் முகம் செத்துப்போயிருந்தது. அதைப் பார்த்து நான் சந்தோசப்படுவேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சந்தோசம் வரவில்லை. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவும் மனம் வரவில்லை.

றொபேட் அண்ணை தொண்டையைச் செருமினார். கனடாவில் மனிசி பேரில் எழுதுவது பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியபடியே ஒரு காலை உள்ளே வைத்தார்.

"அண்ணை, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றேன். "இது என்ர வீடு."

அவர் அசையாமல் நின்றார். டிலுக்சன்தான் முதலில் குனிந்து நாடாவை அவிழ்த்தார்.