தமியானின் எலும்புகள்

அணை கட்டி முடிந்ததும் பழைய ப்ரெஸ்னிக் கிராமம் முழுதும் ஏரிக்குள் போய்விடும், அதற்குள் அவரவர் வீட்டு இறந்தவர்களை மேட்டுக் கல்லறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் வழக்கம்போல பெல்கிரேடில் கொத்துவேலையில் இருந்தார்கள். தோஸ்தாவின் கணவன் ஸெராஃபிமும் அங்கேதான். மாமனார், மாமியார் எலும்புகளைப் பக்கத்து வீட்டுப் பெண்களின் துணையோடு அவளே எடுத்து மாற்றிவிட்டாள். மிச்சம் இருந்தவர் ஸெராஃபிமின் கொள்ளுத்தாத்தா தமியான். அவர்மேல் ஒரு வால்நட் மரம் வளர்ந்து வேரோடியிருந்தது. மண்வெட்டி இறங்கவே மறுத்தது.

அப்போதுதான் ஆற்றின் அக்கரையிலிருந்து முர்தெஸான் கடப்பாரையோடு வந்தார். சந்தையில் பார்த்த முகம்தான், பேசியதில்லை. தமியானின் இளைய மகன் துருக்கியர் காலத்தில் முஸ்லிமாகி அக்கரைக்குப் போனவன். அவன் வழிப் பேரன் இவர். இரண்டு வயலுக்காக மதத்தை விற்றவன் என்றுதான் புகுந்த வீட்டில் அவள் கேட்டிருந்தாள்.

எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள்.

“எனக்கும் அவர் கொள்ளுத்தாத்தாதானே. அவரைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு நான் எப்படித் தூங்குறது?”

“விட்டுட்டுப் போனவங்கதானே நீங்க” என்று அவள் வாயில் வந்துவிட்டது.

முர்தெஸான் கோபப்படவில்லை. வேர்மேல் உட்கார்ந்து புகையிலையைச் சுருட்டியபடி தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அந்த வருஷம் கிறிஸ்தவர்களுக்கு வரி ஏறிப்போய், கட்டமுடியாதவர்கள் வீட்டை இழந்துகொண்டிருந்தார்களாம். தமியானே இளையவனைக் கூப்பிட்டு, நீ அந்தப் பக்கம் போ, அப்போதுதான் இந்த வீட்டை யாரும் தொடமாட்டார்கள் என்றாராம்.

“எங்க அப்பா இப்படித்தான் சொல்வாரு. நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது, தங்கச்சி. நான் என்ன பாத்தேனா?”

துருக்கியர் காலத்துக் கலவரத்தில் தெருவே எரிந்தபோது தன் புகுந்த வீடு மட்டும் தப்பியதும், அதைப் புனித நிக்கோலாவின் கருணை என்று மாமியார் மெழுகுவத்தி ஏற்றி வந்ததும் தோஸ்தாவின் நினைவில் ஓடின.

உச்சிவெயில்வரை இருவரும் தோண்டினார்கள். வேரை வெட்டியதும் எலும்புகள் தெரிந்தன. வழக்கப்படி ஒயினால் கழுவ அவள் ஜாடியைத் திறந்தபோது முர்தெஸான் சற்று விலகி நின்றார். பிறகு பையிலிருந்து புதுத் துணி ஒன்றை எடுத்து விரித்தார்.

“ஒயின் உங்க வேலை. துணி என்னோடது.”

மூட்டையை அவரே மேட்டுக்குச் சுமந்தார். குழியருகே நின்ற பாதிரியார், தொப்பியைக் கழற்றாமல் நிற்கும் இவர் யார் என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“வீட்டு ஆள்தான்” என்றாள் தோஸ்தா.

குளிர்காலத்தில் ஸெராஃபிம் வந்தான். அவள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டான். தன்னைக் கேட்காமல் செய்ததற்குத் திட்டப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டான். மறுநாள் காலை ஆட்டுப்பால் சீஸ் ஒரு கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் படகேறினான். பொழுது சாயும்போதுதான் திரும்பினான்.

என்ன பேசினீர்கள் என்று கேட்டாள்.

“பெருசா ஒண்ணுமில்ல. ஆடுங்களுக்கு வர்ற நோயைப் பத்திப் பேசிட்டிருந்தோம்.” ஈரக் காலணியைக் கழற்றி அடுப்போரம் வைத்தான். “தோஸ்தா, அந்தாளுக்கு அப்படியே எங்கப்பா மூக்கு.”