அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன்

என் மகள் தேவிப்ரியா என் வீட்டில் ஒரு வாய் சோறு தின்ன மாட்டாள். ஆறு வயது. சனிக்கிழமை தியாகதுருகத்துக்கு என்னிடம் வருவாள். ஞாயிறு சாயங்காலம் வாடிய முகத்தோடு மணலூர்பேட்டைக்கு, அவள் அம்மா ராதிகாவிடம் போவாள். முட்டை, நெய்ச்சோறு, கடை பிரியாணி என்று எல்லாம் வைத்துப் பார்த்தேன். "பசிக்கல" என்பாள். பசிக்காத பிள்ளையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூங்கும்?

ராதிகா சும்மா இருப்பாளா? நான் பிள்ளையைப் பட்டினி போடுகிறேன், இனி அனுப்ப முடியாது என்று எங்கள் விவாகரத்துக் கேஸில் மனு போட்டாள். என் வக்கீலும் பதிலுக்கு அவளைக் கிழித்து எழுதி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து நீதிபதி எங்களைக் கள்ளக்குறிச்சி சமரச மையத்துக்கு அனுப்பினார். ஜெயிக்கிற கேஸைப் பேசிக் கெடுக்கவா என்று எனக்கு எரிச்சல்தான்.

வக்கீல்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். சமரசம் பேசும் செந்தமிழ்ச்செல்வி மேடம் தப்பு யார்மேல் என்று கேட்கவே இல்லை.

"பாப்பா ஏன் சாப்பிடலன்னு அதுகிட்ட யாராவது கேட்டீங்களா?"

இரண்டு பேருமே கேட்டிருக்கவில்லை. மேடமே பிரியாவை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா அந்த வூட்ல கை நனைக்க மாட்டேன்னு சொல்லிச்சு. நான் சாப்ட்டா அம்மா அழுதுகினே இருக்கும்."

பெட்டியோடு வெளியேறிய அன்று ராதிகா வாசலில் நின்று கத்திய வார்த்தை அது. எங்கள் பக்கம் பகை என்றால் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். எங்கள் பகையை என் பிள்ளை தன் வயிற்றில் கட்டிக் காத்திருக்கிறது! ராதிகா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நானே வந்து குந்திகினு சாப்புட்றேன் மேடம். அது பாத்தா போதும்," என்றாள்.

பிரிவது பிரிவதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் அவளோடு உட்கார்ந்து ராதிகா ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று பேசி முடித்தோம். எந்தக் கோர்ட்டு இப்படித் தீர்ப்பு எழுதும்?

அந்தச் சனிக்கிழமை காராமணிக் குழம்பு வைத்தேன். உப்பு ஜாஸ்தி. ராதிகா முகம் சுளிக்காமல் பிசைந்தாள். குடித்தனம் நடத்திய காலத்தில் நான் அவளுக்கு ஒரு நாளும் பரிமாறியதில்லை. அவள் முதல் வாயை விழுங்கும்வரை பிரியா அவளையே பார்த்தாள். பிறகு தின்றாள் பாருங்கள், திரும்பத் திரும்பச் சோறு கேட்டு! தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது ராதிகாவின் கைப்பையைப் பிரியா தூக்கிப்போய், அந்தப் பை முன்பெல்லாம் தொங்கும் ஆணியில் எக்கி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பைய குடு கண்ணு. பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றாள் ராதிகா.

பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதான் சாப்ட்டியேம்மா. அப்புறம் இன்னாத்துக்குப் போற?"