இடது காதுக்கு எத்தனை அடி?

1

இந்தக் கதையைப் பட்டர்வொர்த் ஃபெரிப் படகில் எடுத்தேன். ஒரு சிறுமி தன் அப்பாவின் இடப்பக்கம் நின்று மூன்று முறை கூப்பிட்டாள். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கோபப்படவில்லை, வலப்பக்கம் வந்து நின்று நான்காம் முறை கூப்பிட்டாள். நான் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

'அறிவியல் விழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தபோது...' (வேண்டாம். ஒரு மாதம் இருந்தால் யாருக்கும் பதற்றம் வராது.)

ஞாயிறு மதியம். மறுநாள் காலை ஷஹீரா தன் கேள்வியை ஆசிரியரிடம் கொடுத்தாக வேண்டும். அவள் அப்பா ஸுல்கிஃப்லி, மாக் மண்டின் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவன்.

"எரிமலை செய்வோமா?"

"அது கேள்வி இல்லலா அத்தா. பதில் தெரியாததா இருக்கணும். அளந்து பாக்கணும்."

"கொசு எந்தக் கலர் சட்டையில உக்காரும்?"

"அதை எப்படி எண்ணுறது?" பென்சிலைக் கடித்தாள். "காது அத்தா. ஒவ்வொரு காதுக்கும் எத்தனை அடி வரைக்கும் கேக்கும்?"

"நல்ல கேள்வி!" என்று சொல்லிவிட்ட பிறகுதான் அவன் கை இடது காதுக்குப் போனது.

3

கடிகாரத்தின் டிக் டிக் சத்தம்தான் சோதனை. அம்மா சபூராவுக்கு வலது எட்டு அடி, இடது எட்டு. அடுத்து அவன்.

இரண்டு வருடமாக அவனுடைய இடது காது செத்துக்கொண்டிருந்தது. போன மாதம் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, கூட வேலை செய்யும் கோகுலன் கத்தியது கேட்கவில்லை. கோகுலன் தாவித் தப்பினான். 'கவனிக்கலடா' என்று ஸுல்கிஃப்லி சமாளித்தான். சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள்.

(இவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. நல்லவனாகவும்...)

ஷஹீரா அவன் கண்ணைக் கட்டினாள். வலது காதில் பஞ்சை அடைத்தாள். "கேட்டதும் கையத் தூக்குங்க."

இருட்டு. ஒன்றுமே இல்லை. மனதுக்குள் இருபது வரை எண்ணிவிட்டுக் கையைத் தூக்கினான்.

யாரோ பஞ்சை எடுத்தார்கள். கட்டை அவிழ்த்தான். ஷஹீரா வெறுங்கையோடு நின்றாள்.

"அத்தா, நான் இன்னும் கடிகாரத்தை எடுக்கவே இல்ல."

4

முதல் முடிவில் அவன் சிரித்து மழுப்பினான். அந்த வரியை அடித்துவிட்டேன், அந்தப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் அது நிற்கவில்லை.

இரண்டாவதில் காதைப் பற்றியும் கோகுலனைப் பற்றியும் சொன்னான். முழுதாக, தலையைக் குனிந்தபடி. சபூரா ஈரக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கோகுலனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"வேற என்ன வேலை தெரியும் எனக்கு?"

"இப்பவே போன் போடுங்க. நாளைக்கு வண்டியில ஏறக்கூடாது."

சூப்பர்வைசர் தங்கராஜுவுக்கு அழைத்தான். நான்காவது மணியில் எடுத்துவிட்டார்.

"சொல்லு தம்பி, என்னா விசயம்?"

இதற்கு மேல் ஏழு முறை எழுதிக் கிழித்தேன். அந்த இடத்தில் நான் இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாமல் அவன் வாயில் எதை வைப்பது? நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம். அவர் லைனில் இருக்கிறார்.

"தம்பி? கேக்குதா?"