கீழ்க்கதவு சாத்தியிருந்ததா?

எல்லோரும் அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். குழந்தைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பெற்றவர்கள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவளைவிட ரெண்டு வயசு மூத்த ஒரு தகப்பன்கூட "அத்தை, இன்னைக்குப் பையன் சாப்பிட்டானா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது அவளுடைய தொழில். மாடியில் வீடு, அதில் பெரிய அறை பிள்ளைகளுக்கு. இப்போது ஆறு பேர் இருந்தார்கள். மூத்தவள் நாலு வயதுச் சிட்டு. கடைக்குட்டிக்குப் பதினாலு மாதம். எதிரே எது இருந்தாலும் முட்டித் தள்ளிக்கொண்டு போவதால் அவனுக்குப் புல்டோசர் என்று பெயர்.

தெருக்கதவு கீழே இருந்தது. இருபத்திரண்டு படி. மாலை நாலரைக்குக் கணவர் தபால் நிலையத்தில் வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்குக் கீழே நின்று கதவு திறந்துவிடுவார். அதற்கு முன்னால் பெல் அடித்தால் அத்தைதான் ஓடியாக வேண்டும். போன மாதம் பார்சல்காரர் அடித்தபோது அப்படித்தான் ஓடினாள். கையெழுத்துப் போட்டுத் திரும்பினால், புல்டோசர் மேல்படியில் நின்று ஒரு காலைக் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தான். எப்படி ஏறினோம் என்று அவளுக்கே தெரியாது. அவனை வாரி எடுத்துக்கொண்டாள்.

காப்பகங்களைப் பார்வையிடுகிற அதிகாரி அம்மாள் வந்தபோது அதை மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மாள் கண்டிப்பானவர். "பிள்ளைங்கள விட்டுட்டு ஒரு நிமிஷம்கூட இந்த அறைய விட்டுப் போகக் கூடாது. கதவுக்கு வேற வழி பண்ணுங்க. திங்கக்கிழமை வந்து பாப்பேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போகிற போக்கில், பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அறைக்கதவின் தாழ்ப்பாளையும் கழற்றச் சொன்னார்.

அதனால்தான் கேமரா வைத்த காலிங் பெல்லும், அது பார்ப்பதை அறையிலேயே காட்டுகிற ஒரு திரையும் வாங்கினாள். மாட்டிக்கொடுக்கக் கொழுந்தனை வரச் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். "முப்பது மாடி லிஃப்டையே ஓட்டறேன் அண்ணி, இது என்ன பிரமாதம்?" என்றார் போனில்.

அந்த வாரம் இன்னொரு விஷயமும் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. சிட்டுவின் அம்மா, பல் மருத்துவமனையில் உதவியாளராக இருப்பவள், திங்கட்கிழமை காலை ஒரு காகிதத்தைக் கையில் திணித்தாள். நீதிமன்ற உத்தரவு. சிட்டுவை அவள் அப்பா சனிக்கிழமை மட்டும்தான் பார்க்கலாம், காப்பகத்துக்கு வரக் கூடாது. கூடவே ஒரு போட்டோ.

"வந்தா கதவத் திறக்காதீங்க அத்தை. நல்லாப் பேசுவாரு. பேச்சுல மயங்கிடாதீங்க."

புதன்கிழமை மதியம் பிள்ளைகள் தூங்குகிற நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்தார். பிரமாதம் இல்லை என்றவருக்கு வியர்த்து ஊற்றியது. பெல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, முதல்நாளே தன் வீட்டில் தன் போன் ஆப் கணக்கில் அதை இணைத்துப் பார்த்திருக்கிறார். திரையோ அத்தையின் கணக்கில் இருந்தது. "சாதனம் எதுவும் இல்லை" என்றே திரும்பத் திரும்பச் சொன்னது.

"ரெண்டும் ஒரே கணக்குல இருந்தாத்தான் ஒண்ணை ஒண்ணு அடையாளம் தெரியுமாம் அண்ணி."

"அப்ப மாத்துங்க தம்பி. மெதுவாப் பேசுங்க, முழிச்சுக்கப் போறாங்க."

பெல்லின் பின்பக்கப் பொத்தானைப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பழையதை அழித்தார். அத்தையின் போனில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். வைஃபை பாஸ்வேர்டு கணவர் வைத்தது. அதில் ஒரு எழுத்து பெரிய எழுத்து என்று கண்டுபிடிக்கவே பத்து நிமிஷம் போயிற்று. கடைசியில் திரை விழித்துக்கொண்டது. தெரு தெரிந்தது. எதிர்வீட்டுச் சுவர், நிறுத்தியிருந்த சைக்கிள், கீழே இறங்கிப் போய்க் கையை ஆட்டுகிற கொழுந்தனின் பெரிய மூக்கு.

திரையின் மூலையில் மைக் படம். அதைத் தொட்டால் அவள் பேசுவது கீழே கேட்கும், விட்டால் கேட்காது. கீழே பேசுவது மட்டும் எப்போதும் மேலே வரும். படம் நாலு நொடி தாமதமாக வந்தது. அதை அவர் சரிசெய்யப் பார்ப்பதற்குள் எங்கோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாக அவருக்குப் போன் வந்தது.

"ஆள் மாட்டிக்கிட்டிருக்காங்க அண்ணி, நான் ஓடறேன்!" என்று கீழிருந்தே கத்தினார். ஸ்கூட்டர் கிளம்பியது.

மணி இரண்டே முக்கால். அத்தை பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து துணி மடித்தாள். நாலாவது துணியில் கை நின்றது.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டதா?

அந்தக் கதவை வெறுமனே இழுத்தால் போதாது. மழைக்கு ஊதிப்போன பலகை. ஓங்கி இழுத்தால்தான் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அந்த டக் அவள் காதில் விழுந்ததாக ஞாபகம் இல்லை. ஸ்கூட்டர் சத்தத்தில் அமுங்கிப் போயிருக்கலாம். கேமரா கதவுக்குப் பக்கத்துச் சட்டத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. தெரு முழுக்கக் காட்டியது, கதவை மட்டும் காட்டவில்லை.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு நிமிஷம் ஆகாது. எழுந்தாள். புல்டோசர் தூக்கத்தில் புரண்டு படுத்தான். உட்கார்ந்தாள்.

அப்போது திரை தானாக வெளிச்சமானது. "முன் வாசலில் ஒருவர் இருக்கிறார்" என்றது. கொழுந்தன் சத்தத்தைக் குறைக்காமலே போயிருந்தார். அத்தை பாய்ந்து குறைத்தாள். பிறகுதான் ஆளைப் பார்த்தாள்.

போட்டோவில் இருந்த ஆள். போட்டோவில் மீசை இருந்தது, இப்போது இல்லை. ஆனால் சிட்டுவின் அதே அகன்ற நெற்றி. அவர் பெல்லை அழுத்தவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். நாலடி போய்த் திரும்பி வந்தார். பிறகு கதவுப் பக்கம் தலையைச் சாய்த்து, எதையோ உற்றுப் பார்த்தார்.

அத்தை போனை எடுத்தாள். சிட்டுவின் அம்மாவுக்கு நாலு முறை அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும் என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். மருத்துவமனை எண்ணுக்கு அடித்தால் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். போலீஸுக்குச் சொல்லலாம். என்ன சொல்வது? ஒருத்தர் தெருவில் நிற்கிறார் என்றா?

அறைக்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பொம்மை அலமாரியைக் கதவுக்குக் குறுக்கே தள்ளலாமா என்று பார்த்தாள். தள்ளினால் ஆறும் விழித்துக்கொண்டு வீடு ரெண்டாகிவிடும்.

பேசிக்கொண்டே இருந்தால் மேலே வர மாட்டார் என்று தோன்றியது. அதில் என்ன நியாயம் என்று அவளுக்கே தெரியவில்லை. மைக்கைத் தொட்டாள்.

"யாரு?" என்றாள், ரகசியக் குரலில்.

நாலு நொடி அவர் அப்படியே நின்றார். பிறகு தூக்கிவாரிப்போட்டு அண்ணாந்து பார்த்தார்.

"அத்தை... நான் சிட்டுவோட அப்பா."

"தெரியும். நீங்க இங்க வரக் கூடாதுன்னு உங்களுக்கும் தெரியும்."

"தெரியும். கூட்டிட்டுப் போக வரல." பையிலிருந்து சின்னதாக எதையோ எடுத்துக் கேமராவுக்கு நேரே நீட்டினார். "கண்ணாடி. சனிக்கிழமை என் வீட்டுல விட்டுட்டுப் போயிட்டா."

உண்மைதான். திங்கட்கிழமையிலிருந்து சிட்டு படப் புத்தகத்தை மூக்கில் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைத்துவிட்டாள் என்று அம்மாவிடம் திட்டும் வாங்கினாள்.

"அவங்க அம்மாகிட்ட குடுக்கறதுதானே?"

"என் போன எடுக்க மாட்டா. வக்கீல்கிட்ட குடுத்தா எப்பப் போய்ச் சேருமோ. அதுவரைக்கும் புள்ள எப்படிப் பாக்கும்?"

"வாசல்ல வச்சுட்டுக் கிளம்புங்க."

"அத்தை, கதவு திறந்து கிடக்கு. தெரியுமா உங்களுக்கு?"

அப்படியானால் அந்த டக் கேட்கவே இல்லை.

"ரெண்டு விரக்கடை திறந்திருக்கு. இப்படியா விட்டு வைப்பீங்க? போறவன் வர்றவன் யாரு வேணும்னாலும் மேல ஏறலாமே! என் பொண்ணு அங்க இருக்கா!" குரல் உயர்ந்தது. பிறகு தானே தணிந்தது. "நானும் ஏறிடலாம்னுதான் நினைச்சேன். பொய் சொல்ல மாட்டேன். கைகூட வச்சுட்டேன் கதவு மேல."

அத்தை திரும்பிப் பாயில் தூங்குகிற சிட்டுவைப் பார்த்தாள்.

"கண்ணாடிய உள்ள முதல் படியில வச்சுட்டு இழுத்துச் சாத்திடறேன். சரியா?"

சரி என்று சொன்னால் அவர் கை உள்ளே வரும். வேண்டாம் என்றால் கதவு திறந்தே கிடக்கும். சிட்டுவின் அம்மா சொன்னது காதில் ஒலித்தது. நல்லாப் பேசுவாரு.

"ஓங்கி இழுக்கணும்" என்றாள். "இல்லன்னா பூட்டாது."

திரையில் அவர் குனிந்தார், நகர்ந்தார், காணாமல் போனார். சைக்கிளும் சுவரும்தான் மிச்சம். கீழே கீல் முனகுவது நேராகவே அவள் காதுக்கு வந்தது. அடுத்து டக்.

கதவு பூட்டிக்கொண்டது. ஆனால் அவர் எந்தப் பக்கம்? திரையில் இன்னும் வெறும் தெரு. அத்தை அறைக்கதவில் முதுகைச் சாய்த்து, படியில் காலடி கேட்கிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ஒன்று. இரண்டு. மூன்று. காலடி இல்லை.

திரையின் ஓரத்தில் ஒரு தோள் வந்தது. பிறகு முழு ஆளும். வெளியே நின்று, கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை அறைக்கதவிலிருந்து நகர்ந்தாள்.

"அப்பா குரல் கேட்டுச்சு."

சிட்டு பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, தூங்குகிற பிள்ளைகளைத் தாண்டித் தாண்டித் திரைக்குக் கீழே வந்து நின்றாள்.

"அப்பா ஏன் கீழ நிக்கிறாரு?"

"உன் கண்ணாடி கொண்டாந்தாரு."

"மேல வர மாட்டாரா?"

"சனிக்கிழமை நீ அவரப் பாப்ப."

"அப்பா!" என்று கூப்பிட்டாள். மைக்கைத் தொட்டால் அவருக்குக் கேட்கும். அத்தையின் கை பாதிவரை போனது. உத்தரவுக் காகிதத்தில் திரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனாலும் கையை இறக்கிக்கொண்டாள். அது சரியா என்று அதற்குப் பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். சிட்டு கையை ஆட்டினாள். அவர் அது தெரியாமல், ஒரு நிமிஷம் மேல்மாடி ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு நடந்து போனார்.

கால் மணி கழித்துக் கொழுந்தன் போன் செய்தார். "இழுத்தேனே அண்ணி!"

"இழுத்தீங்க. பூட்டிச்சா?"

"சாயந்தரமே வந்து கதவு தானா சாத்திக்க ஸ்பிரிங் மாட்டிடறேன்" என்றார்.

கணவர் வந்து பிள்ளைகளோடு இருந்த பிறகுதான் அத்தை கீழே இறங்கினாள். முதல் படியில், மடித்த கைக்குட்டையின்மேல் கண்ணாடி இருந்தது. காப்பகப் பதிவேட்டில் நடந்ததை எழுதினாள். கதவு கால் மணி நேரம் திறந்திருந்தது என்று எழுதும்போது பேனா ஒரு முறை தயங்கியது. எழுதிவிட்டாள். திங்கட்கிழமை அதிகாரி அம்மாள் அதைப் படித்து எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். உரிமத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அதைவிடக் கஷ்டமாக இருந்தது அந்தப் புதன்கிழமை மாலைதான். சிட்டுவின் அம்மா அவசரமாகப் படியேறி வந்தாள். நாலு தவறிய அழைப்பைப் பார்த்துவிட்டு முகமே வெளுத்திருந்தது. மகளைக் கட்டிக்கொண்டாள். மூக்கில் கண்ணாடியைப் பார்த்தாள்.

"வந்தாரா?"

"வந்தாரு. கதவும் திறந்திருந்துச்சும்மா. தப்பு எங்க மேலதான்."

எல்லாவற்றையும் சொன்னாள். சிட்டு திரையில் பார்த்ததையும் விடவில்லை. அந்தப் பெண் பொரிந்து தள்ளினாள். "உங்கள நம்பித்தானே விட்டுட்டுப் போறேன்? அவரு மேல வந்திருந்தா? தூக்கிட்டுப் போயிருந்தா நான் யார்கிட்டப் போய் அழறது?"

அத்தை தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். கேட்க வேண்டியதுதான்.

"இது பதிவாகியிருக்குமா?" என்று அந்தப் பெண் திடீரெனக் கேட்டாள்.

பதிவாகியிருந்தது. அத்தை தடுமாறித் தேடி எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் நின்றபடியே பார்த்தாள். அவர் நடப்பது, திரும்புவது, அண்ணாந்து பேசுவது, மறைவது, மறுபடி வருவது. முடிந்ததும் விரலால் பின்னுக்குத் தள்ளி இன்னொரு முறை பார்த்தாள். கதவைத் தள்ளிப் பார்க்கிற இடத்தில் நிறுத்தினாள்.

"மீசைய எடுத்துட்டாரு" என்றாள்.

அத்தை அதை மூடக் கை நீட்டினாள்.

"இத அழிச்சிடாதீங்க."

"வக்கீலுக்கு அனுப்பணுமா?"

அந்தப் பெண் சிட்டுவின் செருப்பு வாரைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். வார் துளையில் நுழையாமல் அடம் பிடித்தது.

"தெரியல அத்தை. இப்போதைக்கு இருக்கட்டும்" என்றாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "காலைல எட்டு மணிக்குக் கொண்டாந்து விடறேன்."