வெடிச் சத்தம் இல்லாத மருந்து

தங்கச் சுரங்கம் மூடும்வரை என் வீட்டுக்காரர் சுந்தரராஜ் அதன் அடியில் பாறைக்கு வெடி வைத்தவர். மதியம் இரண்டு மணிக்கு வெடித்தால், மேலே ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டு அலமாரித் தட்டுகள் கடகடவென்று ஆடும். ஷிப்டு முடியப் போகிறது என்று அடுப்பைப் பற்றவைப்பேன்.

இப்போது அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். பெங்களூர் டாக்டர் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார். "கட்டியை வளரச் சொல்ற கோளாறு ஒண்ணு இருக்கு. இந்த மாத்திரை அதை மட்டும் தடுக்கும். தினம் ஒண்ணு போதும்" என்றார்.

முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை. முகத்தில் நாலு பருக்கள் வந்தன, அவ்வளவுதான். போன வாரம் தலையணை உறையை உதறினேன். மூன்று நாள் மாத்திரைகள் உருண்டு விழுந்தன.

"இன்னாங்க இது?"

"உடம்புல ஒண்ணுமே அதிரலையே, ஃப்ளோரா. வெடி இல்லாம கல்லு உடையுமா?"

"உடைக்கிற மருந்துன்னு யாரு சொன்னது? வளர்றத நிறுத்துற மருந்துங்க." கோபத்தில் என் குரல் உடைந்தது.

மறுநாள் இரண்டு மணிக்கு மாத்திரையைக் கையில் கொடுத்தேன். அவர் விழுங்கியதும் அலமாரியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். இருபது வருடத்துக்குப் பிறகு தட்டுகள் கடகடவென்று ஆடின.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஷிப்டு முடிஞ்சுது," என்றார். "அடுப்பைப் பத்தவை."