ஒரே தொட்டியில் இரண்டு கெளுத்தி

சர்வேயர் வீட்டுக் கூடத்தில் சோபா இருந்த இடத்தை ஒரு கண்ணாடித் தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது. ஆறடி நீளம். அதை உள்ளே கொண்டுவர வாசற்கதவைக் கழற்றி மறுபடி மாட்டினார்கள். கதவு அன்றிலிருந்து ஒழுங்காகச் சாத்துவதில்லை. இத்தனை பெரிய மாளிகையில் குடியிருந்தது ஒரே ஒரு மீன், ஒரு சிவப்பு வால் கெளுத்தி. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கியது. இப்போது அது திரும்ப வேண்டுமானால், முட்டுச்சந்தில் மாட்டிய லாரி மாதிரி முன்னே போய்ப் பின்னே வந்துதான் திரும்பும். கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, மூன்று ஜோடி மீசை, எதையும் மன்னிக்காத முகம். சர்வேயர் அதைப் 'பெரியவர்' என்று கூப்பிட்டார். அவர் மனைவி அதைக் கூப்பிடுவதே இல்லை.

அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டு நஷ்டத்தைக் கணக்கிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் அவர். பகல் முழுக்க அடுத்தவர் பொய்யைக் கேட்பதுதான் பிழைப்பு. "வண்டி நின்னுக்கிட்டுதான் சார் இருந்துச்சு, சுவர்தான் வந்து இடிச்சுது" என்பவரிடம், "அப்ப சுவரையே கேஸ் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் செல்போனை எடுத்து மீன் வளர்ப்போர் குழுவில் தன் பொய்யை ஆரம்பிப்பார்.

அந்தக் குழுவில் அவர்தான் முரட்டுக் கெளுத்திகளின் ஆசான். "ரெண்டு முரட்டு மீனைச் சேர்த்து வளர்க்க முடியாதுன்னு யார் சொன்னது? வயிறு நிறையப் போடுங்க, ஒளிய இடம் கொடுங்க, பாசமாப் பழகுங்க. மீன் என்ன, மனுசனா அடிச்சுக்க?" என்று எழுதுவார். பெரியவரோடு குடிவைத்த மீன்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மாயமாய்ப் போன கதையை மட்டும் எழுதமாட்டார். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுவானா?

இந்த உபதேசத்தை வரிவிடாமல் படித்துக்கொண்டிருந்த ஆள் ஒருவர் உண்டு. அவருடைய சகலை, மைத்துனியின் கணவர். லிஃப்ட் மாட்டும் கம்பெனியில் மேற்பார்வையாளர். அக்கா தங்கையைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரு மௌனமான பந்தயம். ஒருவர் ஒரு கதவு ஃபிரிட்ஜ் வாங்கினால் இன்னொருவர் இரண்டு கதவு வாங்குவார். சர்வேயர் கெளுத்தி வாங்கியதும் சகலையும் ஒன்று வாங்கினார்: அகப்பை போலத் தட்டையான மூக்கும் உடம்பெல்லாம் புலிவரியுமாக, ஒல்லியாக நீண்ட வரிக்கெளுத்தி. பார்க்கச் சகலையைப் போலவே இருக்கும். சர்வேயர் இதைச் சிரிக்காமல் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

சகலைக்கு ஆறு மாதம் வெளியூரில் வேலை வந்தது. புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு மதியம், மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவர் பேச்சை எடுத்தார்.

"அண்ணே, நம்ம வரிக்காரனை உங்ககிட்ட விட்டுட்டுப் போலாம்னு இருக்கேன். உங்களைவிட்டா வேற யாரு இருக்கா?"

சர்வேயர் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார். "அதுக்கென்ன சகல, ஆனா இடம் பழகணும்ல..."

"ரெண்டு முரட்டு மீனைச் சேர்த்து வளர்க்கிறது பெரிய விஷயமே இல்லன்னு நீங்கதானே தினம் எழுதுறீங்க?"

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். மைத்துனி பார்த்தாள். இனி வேண்டாம் என்றால் மானம் கப்பலேறும். "கொண்டாங்க. ரெண்டும் அண்ணன் தம்பியா இருக்கும்" என்றார் சர்வேயர்.

"எங்க அண்ணன் தம்பிங்க ரெண்டு பேரும் கோர்ட்டுலதான் பார்த்துக்கிறாங்க" என்று அவர் மனைவி மோரை ஊற்றினாள்.

வரிக்கெளுத்தி ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் வந்தது. சர்வேயர் உண்மையிலேயே கவனமாகத்தான் இருந்தார். தொட்டியின் குறுக்கே ஒரு வலைத் தட்டியை நிறுத்தி, ஒரு வாரம் இரண்டையும் பிரித்து வைத்தார். பெரியவர் தட்டியருகே வந்து மீசையால் தடவிப் பார்ப்பார். அந்தப் பக்கத்துக்காரன் ஒளிவதற்குப் போட்ட பைப்பை விட்டு அசையமாட்டான். "பாசம்" என்றார் சர்வேயர். "பசி" என்றாள் மனைவி. எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அவர் சிரித்தார்.

தட்டியை எடுத்தது வீடியோவுக்காக. குழுவில் இரண்டு பேர் ஆதாரம் கேட்டுவிட்டார்கள். ஒரு சாயங்காலம் இரண்டுக்கும் இறால் போட்டு, வலையைத் தூக்கி, படம் எடுத்தார். இரண்டும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டன, ஒரே பெஞ்சில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டு ஓய்வூதியக்காரர்கள் மாதிரி. 'ஒற்றுமைக்கு இலக்கணம்' என்று தலைப்புப் போட்டு அனுப்பினார். பாராட்டு கொட்டியது. கை கூப்பிய பொம்மைகள், பூங்கொத்துகள், "ஐயா நீங்க தெய்வம்" என்று ஒருவர். அந்த மகிழ்ச்சியில் வலையைத் திரும்பப் போட மறந்துவிட்டார்.

காலையில் மனைவி காபியோடு கூடத்துக்கு வந்தாள்.

"ஏங்க, இன்னொண்ணு எங்க?"

சர்வேயர் தொட்டியருகே போனார். பெரியவர் மூலையில் படுத்திருந்தார். வயிறு பக்கவாட்டில் புடைத்து நீண்டிருந்தது. பிளந்த வாயிலிருந்து ஒரு புலிவரி வால், வெற்றிலை போடுகிறவன் உதட்டில் தொங்கும் காம்பு மாதிரி வெளியே நின்றது.

"உள்ளதான் இருக்கு" என்றார்.

"எதுக்குள்ள?"

மனைவி கிட்டே வந்து குனிந்து பார்த்து, காபியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சர்வேயர் மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார். "ஒண்ணு கக்கிடும் சார், இல்ல முள்ளு குத்திச் செத்துடும், இல்ல செரிச்சிடும்" என்றார் கடைக்காரர். எது நடந்தாலும் தான் சொன்னதே நடந்ததாக இருக்கும் பதில். பெரியவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். சாயங்காலத்துக்குள் வாலும் உள்ளே போய்விட்டது.

அந்த வாரமே சகலை வீடியோவில் வந்தார். "அண்ணே, நம்மாளைக் காட்டுங்க!"

"பைப்புக்குள்ள படுத்திருக்கான் சகல. கூச்சப்படுறான்."

அடுத்த முறை தண்ணீர் மாற்றுவதால் கலங்கியிருந்தது. அதற்கடுத்த முறை பல்பு எரிந்துபோனது. பிறகு நெட் சரியில்லை. மழுப்பல் தீர்ந்தபோது பழைய வீடியோவையே அனுப்பினார். தன் முன்னால் யாராவது இவ்வளவு மட்டமான பொய்யைச் சொல்லியிருந்தால் ஃபைலை முகத்தில் எறிந்திருப்பார். ஆனால் சகலை எல்லாவற்றையும் நம்பினார், "சரிண்ணே, சரிண்ணே" என்று. அந்த நம்பிக்கைதான் சர்வேயரைத் தின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். ஒன்றரை அடி மீனைத் தங்கையிடமிருந்து மறைப்பது மனைவிக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது. தங்கை போன் செய்தால் மழையைப் பற்றியும் மாவு மெஷினைப் பற்றியும் பேசி வைத்துவிடுவாள்.

இதற்கிடையில் குழுவில் வேறு புகை கிளம்பியது. வீடியோவை நம்பிச் சேர்த்து வைத்தவர்கள் வரிசையாக அழுதார்கள். "ஐயா, என்னுது ரெண்டுல ஒண்ணுதான் இருக்கு." "என்னுது ரெண்டுமே போச்சு." சர்வேயர் தன் தொழிற்புத்தியைக் காட்டினார்: தண்ணி சரியில்ல, தீனி போதல, பாசம் காட்டல, பராமரிப்பில் அலட்சியம். ஒருவருடைய நஷ்டத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஐயா நீங்க தெய்வம்" என்று எழுதியவர் சொல்லாமல் கொள்ளாமல் குழுவைவிட்டு விலகினார்.

மூன்றாம் மாதம் சகலை விடுமுறையில் முன்னறிவிப்பின்றி வந்து நின்றார், மைத்துனியும் கூட. சாத்தாத கதவு, தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய்ப் பார்த்தார். சர்வேயர், "பைப்புக்குள்ள..." என்று ஆரம்பித்தார்.

"பைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் மனைவி. "அது தின்னுடுச்சு. வந்த எட்டாம் நாளே. இவரு படம் புடிச்சுக்கிட்டு இருந்தாரு. என்னால இனிமே பொய் சொல்ல முடியாது."

சர்வேயர் தலை குனிந்து நின்றார். திட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் சகலையின் முகத்தில் துக்கம் இல்லை. பந்தயத்தில் தோற்றவனின் எரிச்சல் இருந்தது.

"இதுவா அதைத் தின்னுச்சு?"

"ஆமா சகல. மன்னிச்சுக்கோங்க."

"எங்க வீட்ல அது மூணைத் தின்னுருக்குண்ணே! ராட்சசன்! நான் உங்ககிட்ட எதுக்கு விட்டேன்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.



"எதுக்கு விட்டீங்க?" என்றார் சர்வேயர் மெதுவாக.

"இல்ல... உங்க பெரியவரை ஒரு கை பாக்கும்னு..."

சர்வேயருக்கு முதலில் கோபம் வந்தது. அடுத்து, மூன்று மாதப் பாரம் இறங்கிய நிம்மதி. அதற்கும் அடுத்து, அவர் எவ்வளவு அடக்கியும் அடங்காமல், ஒரு பெருமை வந்தது. தன் மீன் ஜெயித்துவிட்டது! "சும்மா சொல்லக்கூடாது சகல, உங்காளும் லேசுல உள்ள போகல. சாயங்காலம் வரைக்கும் வாலு வெளியதான் இருந்துச்சு" என்றார் பெருந்தன்மையாக. "அப்படியா!" என்று சகலையும் மீசையில் மண் ஒட்டாத குரலில் கேட்டார். இருவரும் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தப் பக்கம் பிடித்திருக்கும், தலையா வாலா முதலில் போயிருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு மனம்விட்டுப் பேசியதில்லை.

பேச்சு நின்றுபோனது அக்காவுக்கும் தங்கைக்கும்தான். "மீன் போனா போகட்டும். மூணு மாசமா என்கிட்ட மறைச்சே இல்ல?" என்று தங்கை சமையலறையில் வைத்துக் கேட்டுவிட்டுப் போனவள், இரண்டு மாதம் போன் எடுக்கவில்லை. பொய் சொன்னவர் தொட்டி முன்னால் சிரித்துக்கொண்டிருக்க, உண்மையைச் சொன்னவளுக்குத் தண்டனை. சர்வேயரின் மனைவி, மீனை எடுத்துக்கொள்ளச் சொல்லி உயிரியல் பூங்காவுக்கு எழுதிப் போட்டாள். ஒரு வேலை நாளில் நான்கு ஆட்கள் ஈரச்சாக்கோடு வந்து பெரியவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாலையில் திரும்பிய சர்வேயர் வெறும் தண்ணீரைப் பார்த்து, "எங்க?" என்றார். "வெளியதான் இருக்கு" என்றாள்.

வெளியூர் வேலை முடிந்து சகலை திரும்பியதும், ஒரு ஞாயிறு அவரும் சர்வேயரும் பூங்காவின் மீன் காட்சிக்கூடத்துக்குப் போனார்கள். பெரிய கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருபது முப்பது சிவப்பு வால் கெளுத்திகள், எல்லாம் ஒரே அச்சு, எல்லாம் அதே மன்னிக்காத முகம். கூடத்தில் இடம் போதாமல் போன வீடுகளிலிருந்து வந்தவை.

"அதோ, அந்த ஓரத்துல பெருசா இருக்கே, அதான் நம்மாளு" என்றார் சர்வேயர்.

"அது இல்லண்ணே. அதுக்குப் பின்னால சின்னதா ஒண்ணு இருக்கு பாருங்க, அதான்."

"சின்னதா? எனக்குத் தெரியாதா சகல என் மீனு?"

குரல் உயர்ந்தது. பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த பெண், "இங்க வர்ற எல்லாரும் அந்தப் பெருசைத்தான் சார் தன்னுதுங்கிறாங்க. கொஞ்சம் கையை எடுங்க, ரேகை விழுது" என்று சொல்லிவிட்டு அவர்கள் நின்ற இடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.